லடாக்கின் மலைமுடி மடங்களும் மோட்டார் சைக்கிள் யாத்திரையும்

சிந்து நதி திபெத்தில் தோன்றி மேற்கு நோக்கி ஓடிவரும் வழியில் லடாக் என்னும் நாடு அமைந்திருக்கிறது. தெற்கே இமயமலைத் தொடரும் வடக்கே காரகோரம் தொடரும் மதில்களைப்போல் நிற்க, இடையே கிடக்கும் இவ்வுயர்நிலத்தில் புல்லும் மரமும் அற்ற குன்றுகளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். ஆற்றங்கரையில் மட்டும் சிறிது பசுமை; அதனையொட்டி ஓர் ஊர். அவ்வூருக்கு மேலே, ஏறிச்செல்ல வழியே இராது என்று எண்ணத் தோன்றும் பாறைமுடியில், வெண்சுவர்களும் செஞ்சாந்து பூசிய விளிம்புகளுமாக ஒரு பெருங்கட்டடம். இத்தகைய கட்டடங்களே கோம்பா எனப்படும் பௌத்த மடங்கள். 'தனித்த இடம்' என்பது அத்திபெத்தியச் சொல்லின் பொருள்.

இம்மடங்களுள் சில ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று மரபு கூறுகிறது. பல ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றை அடைவதற்கு முற்காலத்து வணிகனும் துறவியும் வாரக்கணக்கில் நடந்தனர். இன்று ஸ்ரீநகரிலிருந்து புறப்படும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இரண்டே நாளில் லே நகரை அடைந்துவிடுகிறார். இந்த எளிமையால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பது ஆராயத்தக்க பொருளாகும். தனிமையை நாடிக் கட்டப்பட்ட மடங்கள் தனிமை நீங்கியபின் எவ்வாறு நிலைபெறும் என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

நிலமும் வானமும்

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலேசியர் நன்கறிந்த கினபாலு மலையின் முடி 4,095 மீட்டர். ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த கணவாயாகிய ஃபோட்டு லா 4,108 மீட்டர். கினபாலுவின் முடிக்கும் சற்று மேலான உயரத்தில் பஸ்ஸும் லாரியும் அன்றாடம் ஓடுகின்றன என்றால் அந்நாட்டின் இயல்பு ஒருவாறு விளங்கும்.

மழைமேகங்களைத் தென்புறத்து இமயமலைத் தொடர் தடுத்துவிடுவதால், லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எனவே லடாக்கைக் குளிர்ப்பாலை என்று புவியியலார் கூறுவர். பயிருக்கு வேண்டிய நீர் வானத்திலிருந்து வருவதில்லை. மலைமீதுள்ள பனி உருகி, சிறு வாய்க்கால்களின் வழியே வயலுக்கு வருகிறது. இவ்விரண்டு உண்மைகளை, அதாவது மழை இன்மையையும் விளைநிலத்தின் அருமையையும், மனத்திற் கொண்டாலன்றி அம்மடங்களின் அமைப்பைப் புரிந்துகொள்ளல் இயலாது.

பாறைமுடியைத் தேர்ந்தது ஏன்?

உலக வாழ்வை வெறுத்தவர்கள் உயரத்தை நாடினர் என்பது ஒரு காரணமே தவிர அதுவே முழுக் காரணமன்று. முதலாவது, வாய்க்கால் நீர் பாயும் ஒரு சிறு துண்டு நிலமும் அங்கே பொன்னுக்கு நிகரானது. அதில் கட்டடம் எழுப்பினால் ஊரார் உண்ணும் வாற்கோதுமை குறையும். பாறையில் எதுவும் விளைவதில்லை. ஆதலின் கட்டடத்துக்குப் பாறையே ஏற்ற இடம். இரண்டாவது, பனி உருகும் காலத்தில் பள்ளத்தாக்கில் வெள்ளம் திடீரெனப் பெருகும். உயரமான இடத்தை அது தொடுவதில்லை. மூன்றாவது, கதிரவன் ஒளி. தென்முகம் நோக்கிய உயர்ந்த சரிவில் குளிர்காலத்திலும் நெடுநேரம் வெயில் விழும். விறகு அரிதாகிய நாட்டில் வெயிலே வெப்பம்.

நான்காவது காரணம் பாதுகாப்பு. மடங்களில் நெல்லுக்கு ஈடான தானியமும் பொன்னும் ஏடுகளும் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. பகைவர் வரவை நெடுந்தொலைவிலேயே காண உயரம் உதவியது. பாஸ்கோ என்னும் ஊரில் மடமும் அரசர் கோட்டையும் ஒரே பாறைமீது அமைந்திருந்தன. 1679 முதல் 1684 வரை திபெத்துடன் நடந்த போரில் அக்கோட்டை மூன்றாண்டு முற்றுகையைத் தாங்கி நின்றது என்பது மரபு. எனினும் உயரமே எப்பொழுதும் காவலாக அமைந்துவிடவில்லை. 1834இல் ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங் படையெடுத்தபின் பல மடங்கள் துன்புற்றன. மலையிடுக்கில் மறைந்து நிற்கும் ஹெமிஸ் மடம் லடாக்கின் பெருஞ்செல்வ மடமாக இன்றளவும் விளங்குவதற்கு, அது வெளியே தெரியாத இடத்தில் இருந்தது ஒரு காரணம் என்பர்.

மண்ணாலான மாளிகை

தொலைவிலிருந்து பார்ப்பவர் இவற்றைக் கற்கோட்டைகள் என்றே நினைப்பர். உண்மையில் அடித்தளம் மட்டுமே கல். அதன்மேல் எழும் சுவர்கள் வெயிலில் உலர்த்திய பச்சை மண்கற்களால் ஆனவை. சுவர் அடியில் தடித்தும் மேலே செல்லச் செல்ல மெலிந்தும் உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்தும் இருக்கும். பாரம் கீழ்நோக்கி ஒழுங்காக இறங்க இது துணைசெய்கிறது. கூரைக்கு நெட்டிலிங்கம்போல் நிமிர்ந்து வளரும் பாப்லர் மரத்தின் விட்டங்கள், அவற்றின்மேல் வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகள் நெருக்கமாகப் பரப்பப்படும், அதன்மேல் புல், எல்லாவற்றுக்கும் மேலே பிசைந்து மெழுகிய களிமண். கூரை தட்டையானது. மழையில்லாத நாட்டில் சாய்கூரை வேண்டுவதில்லை.

உள்ளமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சரிவின் கீழ்ப்பகுதியில் துறவியரின் சிற்றறைகள். நடுவே அனைவரும் கூடி ஓதும் பேரவை மண்டபமாகிய துகாங். காவல் தெய்வங்களுக்குரிய இருண்ட அறையாகிய கோங்காங். உச்சியில் தலைமைத் துறவியின் இருப்பிடமும் ஏட்டறையும். சுவர்களில் களிமண் பூச்சின்மேல் இயற்கை வண்ணங்களால் தீட்டிய ஓவியங்கள் நிறைந்திருக்கும். ஒரு மடத்தின் மதிப்பு அதன் சுவருக்குள் இருப்பதைவிடச் சுவரின் மேற்பரப்பிலேயே மிகுதியாக உள்ளது எனலாம். அச்சுவரோ மண்.

சாலை வந்த கதை

1960ஆம் ஆண்டு மே மாதம் இந்திய எல்லைச் சாலை நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் சாலை அப்பத்தாண்டின் தொடக்கத்தில் வண்டிகள் செல்லும் நிலையை அடைந்தது. அது படைகளுக்காக இடப்பட்ட சாலை, யாத்திரிகர்களுக்காக அன்று. 1974இல்தான் அயல்நாட்டார் லடாக்கினுள் செல்ல அனுமதிக்கப்பட்டனர். பின்னர் மணாலியிலிருந்து வரும் தென்வழியும் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ரோத்தங் கணவாயின் கீழே 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் அவ்வழி மேலும் எளிதாயிற்று. 2024இல் நிம்மு, படும், தார்ச்சா ஆகிய ஊர்களை இணைக்கும் மூன்றாவது சாலையும் முழுமையாக இணைக்கப்பட்டது.

1974இல் லடாக்கைக் காணவந்தோர் ஆயிரம் பேர்கூட இல்லை. 2022இல் வந்தோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் வருவோர் ஒரு தனிக் கூட்டமாகவே பெருகியிருக்கின்றனர். கோடைக்காலத்தில் லே நகரக் கடைவீதியில் வாடகை வண்டிகள் வரிசையாக நிற்பதையும், பயணமூட்டைகளைப் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிக்கொண்டு இளைஞர் அணி அணியாகப் புறப்படுவதையும் காணலாம்.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

இவர்களுட் பலர் ஏறிச்செல்லும் வண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'புல்லட்' என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய அரசாங்கம் அதனையே தேர்ந்து 350 சி.சி. வண்டிகள் 800 வேண்டுமெனக் கேட்டது. இதன் பயனாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி 'என்ஃபீல்டு இந்தியா' என்ற கம்பெனியை அமைத்தன. சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அயல்நாட்டு உறுப்புகளைப் பூட்டும் வேலை மட்டுமே நடந்தது. 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் 1970 அளவில் மறைந்துபோயிற்று. சென்னையில் ஊன்றிய கிளை மட்டும் வளர்ந்து மரமாயிற்று. 2016இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஒரு வண்டிக்கு 'ஹிமாலயன்' என்றே பெயர். கடலோர ஊரில் பிறந்த பொறி பனிமலையின் பெயரைச் சூடியது பொருத்தமான முரண்.

மெல்லிய காற்றில் பொறியும் மனிதனும்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். லே நகரின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். கார்துங் லா என்னும் கணவாயில் அது பாதியளவுக்குச் சற்று மேல். அதனால் பொறியின் வலிமையும் ஏறக்குறைய அதே அளவில் குறைந்துவிடும். பழைய வண்டிகளில் கார்புரேட்டர் என்னும் கருவி காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். பெட்ரோலோ அந்த அளவுக்குக் குறையாது. கலவையில் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை எழுந்து, தீப்பொறிக் கட்டையில் கரி படிந்து வண்டி திணறும். அக்காலத்து ஓட்டிகள் கலவையைக் கைப்பட மாற்றியமைத்துக்கொண்டே மலையேறினர். இப்பொழுதைய வண்டிகளில் மின்கருவி ஒன்று காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் தெளிக்கிறது. புகை நீங்கும், ஆனால் காற்றின் குறைவால் இழந்த வலிமை திரும்புவதில்லை. ஆகவே சிறிய கியரில் மெல்ல ஏறுவதே வழி. இறங்கும்பொழுதும் அதே சிறிய கியரில், பொறியின் பிடிப்பாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பயனற்றுப்போகும்.

கார்துங் லாவைப் பற்றி ஒரு செய்தி. அதன் உயரம் 18,380 அடி என்று நெடுங்காலம் பலகையில் எழுதப்பட்டிருந்தது. உலகத்திலேயே உயர்ந்த மோட்டார் சாலை என்றும் பேசப்பட்டது. துல்லியமான அளவின்படி அது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பலகையின் பெருமையைவிட அங்கே மூச்சின் அருமையே வந்தவர்க்கு முதலில் புலப்படும்.

மனித உடலும் ஒரு பொறியே. தாழ்நிலத்திலிருந்து விமானத்தில் வந்து லேயில் இறங்கும் ஒருவர் குறைந்தது இரண்டு நாள் ஓய்வாக இருத்தல் வேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் முதல் அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாது மேலும் உயரம் சென்றால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதி நேரும். அதற்குத் தலைசிறந்த மருந்து கீழே இறங்குவதே. ஸ்ரீநகர் வழி இவ்வகையில் நல்லது. அது 1,600 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 3,528 மீட்டர் உயரமுள்ள ஜோஜி லாவைக் கடந்து, 2,700 மீட்டர் அளவிலுள்ள கார்கில் நகரில் இரவு தங்க இடம் தருகிறது. மணாலி வழியில் செல்வோரோ பழக்கமில்லாத உடலுடன் 4,200 மீட்டருக்கு மேலான சர்ச்சுவில் இரவு தங்கி வருந்துவதுண்டு. அவ்வழியிலுள்ள தாண்டி என்னும் இடத்தில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரித்த பலகை ஓட்டிகளிடையே புகழ்பெற்றது.

இன்னொன்று ஓடைகள். சாலைக்குக் குறுக்கே ஓடும் பனிநீர் காலையில் கணுக்கால் அளவே இருக்கும். வெயிலேறிப் பனி உருகிய பிற்பகலில் அதுவே வண்டியைப் புரட்டும் வெள்ளமாகும். ஆதலின் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் ஓடைகளைக் கடப்பதே அறிவுடைமை.

லாமாயூருவும் மறைந்த ஏரியும்

ஃபோட்டு லாவிலிருந்து லே நோக்கி இறங்கும் சாலை வளைவுகளில், திடீரென மஞ்சள் நிறமான மண்மேடுகள் அலையலையாகத் தோன்றும். சந்திரனின் தரை போன்றிருப்பதால் சந்திரநிலம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தின் மேல், அரித்துத் துளையுண்ட குன்றின் விளிம்பில் லாமாயூரு மடம் நிற்கிறது. லேயிலிருந்து இது ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மேற்கே உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த நாரோபா என்னும் சித்தர் இங்குள்ள குகையில் தவமிருந்தார் என்பர். அப்பொழுது இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்ததென்றும், தெய்வ ஆற்றலால் அது வடிந்து மடத்துக்கு இடம் பிறந்ததென்றும் கதை உண்டு. வியப்பு என்னவெனில், அம்மஞ்சள் மண் பழைய ஏரியொன்றின் அடியிற் படிந்த வண்டலே என்று நிலநூலாரும் கண்டனர். ஏரி இருந்தது உண்மை. அது வடிந்த காலமும் காரணமும் வேறு. கண்ணால் கண்ட நிலத்தின் அமைப்பிலிருந்தே அம்மக்கள் தம் கதையைப் புனைந்தனர் போலும்.

மொழிபெயர்ப்பாளர் என்று போற்றப்படும் ரிஞ்சென் சாங்போ (958–1055) இங்கே கோயில்களை எழுப்பினார் என்பதும் மரபு. காஷ்மீரத்திலிருந்து சிற்பிகளையும் ஓவியர்களையும் அழைத்துச் சென்று மேலைத் திபெத்தில் பௌத்தத்தை மீண்டும் தழைக்கச் செய்தவர் அவர்.

திக்சேயும் காஞ்சியும்

லேயிலிருந்து சிந்து நதியோரமாக ஏறத்தாழ 19 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் திக்சே மடம். குன்றின் அடியிலிருந்து முடிவரை பன்னிரண்டு அடுக்குகளாக எழும் இது பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றியது. கெலுக் என்னும் மஞ்சள் தொப்பிப் பிரிவைச் சேர்ந்தது. 14ஆம் தலாய் லாமா 1970இல் வருகை தந்ததன் நினைவாக அமைக்கப்பட்ட மைத்திரேயர் சிலை இதன் சிறப்பு. இனி வரப்போகும் புத்தராகிய மைத்திரேயர் 15 மீட்டர் உயரத்தில், இரண்டு மாடிகளை ஊடுருவி அமர்ந்திருக்கிறார். விடியற்காலையில் எக்காளம் முழங்கத் தொடங்கும் ஓதலைக் காண்பதற்கென்றே ஓட்டிகள் இருளிற் புறப்பட்டு வருகின்றனர்.

கெலுக் மடங்களின் கல்வியில் தருக்கம் தலையாய பாடம். ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் நின்றுகொண்டு கையைத் தட்டி வினா எழுப்பும் வாதமுறை பலரும் அறிந்தது. அக்கல்விக்கு மூலமாக விளங்குவது தருமகீர்த்தியின் நூல்; தருமகீர்த்திக்கு முதல்நூல் தந்தவர் திங்நாகர். இந்தத் திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாறுகள் கூறுகின்றன. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்ட செய்தியைச் சொல்லும் காதையிலும் பௌத்தத் தருக்கம் விரிவாக இடம்பெற்றிருப்பதும், அது திங்நாகர் நெறியோடு ஒத்திருப்பதை அறிஞர் எடுத்துக்காட்டியிருப்பதும் தமிழர் அறிந்தவையே. தென்கடலோர நாட்டில் வழக்கொழிந்துபோன கல்வி ஒன்று பனிமலையின் மடங்களில் இன்றும் வாய்மொழியாக வாழ்கிறது. மடங்களைக் காத்தல் என்பது சுவர்களைக் காத்தல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

டிஸ்கிட்டும் புக்தலும்

கார்துங் லாவைத் தாண்டி இறங்கினால் ஷியோக், நூப்ரா ஆறுகள் கூடும் அகன்ற பள்ளத்தாக்கு. அங்கே செங்குத்தான மலைச்சரிவில் பற்றிக்கொண்டு நிற்பது டிஸ்கிட் மடம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அதன் கீழே 32 மீட்டர் உயரமுள்ள மைத்திரேயர் சிலையை 2010ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் தலாய் லாமா திருநிலைப்படுத்தினார். எல்லைப்புறமாகிய இப்பள்ளத்தாக்குக்குச் செல்ல அயல்நாட்டார் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும்.

சன்ஸ்கார் பகுதியிலுள்ள புக்தல் மடமோ பாறைமுடியில் அன்று, பாறையின் வாயிலேயே இருக்கிறது. ஆற்றுக்கு மேலே செங்குத்தாக எழும் மலையில் ஒரு பெருங்குகை. அதன் வாயிலிருந்து கீழ்நோக்கித் தேன்கூடு போல் தொங்கும் மண் அறைகள். பத்துமலைக் குகையைக் கண்ட மலேசியத் தமிழர் இதன் தோற்றத்தை ஓரளவு மனத்தில் வரைந்துகொள்ளலாம். ஆனால் இங்கே ஏறுவதற்குப் படிக்கட்டுக்குப் பதில் மலையோர ஒற்றையடிப் பாதைதான் உண்டு. வண்டி மடத்து வாயில்வரை செல்வதில்லை. கடைசிப் பகுதியை யாவரும் நடந்தே கடக்க வேண்டும்.

நெடுந்தொலைவு நடந்தே லடாக்கை அடைந்த ஒருவர் இம்மடத்தின் புகழைப் பெருக்கினார். ஹங்கேரி நாட்டு அறிஞர் சோமா டி கொரோஷ் (1784–1842) தம் இனத்தின் தோற்றத்தைத் தேடி ஆசியாவுக்குப் புறப்பட்டவர். 1825–26இல் புக்தலில் தங்கித் திபெத்திய மொழியைக் கற்றார். அவர் இயற்றிய திபெத்திய–ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. ஐரோப்பாவில் திபெத்தியக் கல்விக்கு அதுவே அடிப்படை. தேடிவந்தது கிடைக்கவில்லை, தேடாதது உலகுக்குக் கிடைத்தது.

வானம் மாறியபோது

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் நள்ளிரவையொட்டி லேயிலும் சுற்றூர்களிலும் மேகம் வெடித்தாற்போல் மழை கொட்டியது. மலைச்சரிவுகளில் அம்மழையைப் பிடித்து நிறுத்த மரமோ புல்லோ இல்லை. சேறும் கல்லும் சேர்ந்த வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புக்தலுக்கு வேறொரு சோதனை வந்தது. 2014 டிசம்பர் 31இல் மலை சரிந்து அவ்வாற்றை அடைத்தது. பின்னால் தேங்கிய நீர் 2015 மே 7இல் அணையை உடைத்துக்கொண்டு பாய்ந்து பாலங்களை அடித்துச் சென்றது.

பாறைமீதுள்ள மடங்களை வெள்ளம் தொடவில்லை. முன்னோர் இடம் தேர்ந்த அறிவு மெய்ப்பட்டது. ஆனால் மழை அவற்றைத் தொடுகிறது. நனைந்த பச்சை மண்கல் தன் வலிமையை இழந்துவிடும். கூரை கசிந்தால் நீர் சுவர் வழியே இறங்கி ஓவியத்தின் களிமண் பூச்சைக் கரைத்துக் கோடிழுக்கும். கசிவை அடைக்க மேலும் மேலும் களிமண் மெழுகுவது வழக்கம். ஆண்டுதோறும் அடுக்கு ஏறினால் பாரமும் ஏறும். முதுமையுற்ற பாப்லர் விட்டம் வளையும். சிமெண்டு பூசலாம் என்றால் அது இன்னும் தீது. சிமெண்டு இறுகியது, மண் இளகியது. இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மண் உள்ளுக்குள்ளேயே பொடிந்துபோகும்.

சாலையின் பங்கும் இதில் உண்டு. ஐந்து இலட்சம் விருந்தினர்க்கு வேண்டிய நீர், பனிநீரை நம்பி வாழும் ஊர்களிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். உலர்கழிப்பிடம் வைத்து எருவாக்கி வயலுக்கிட்ட நாட்டில், விடுதிகள் நிலத்தடி நீரை இறைத்துக் கழிவறைகளில் கொட்டுகின்றன. சிமெண்டையும் சாலையே கொண்டுவந்தது. ஆயினும் சாலையைப் பழித்துவிடுதல் நேர்மையாகாது. குளிர்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கு வழியின்றித் தவித்த பெண்ணை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும் அச்சாலையே. பள்ளிக்கு நூலும் நோயாளிக்கு மருந்தும் அதன் வழியேதான் வருகின்றன. அம்மக்கள் தனிமையில் வாட வேண்டும், வந்து போகிறவர்கள் அத்தனிமையின் அழகை நுகர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அறமன்று.

பாஸ்கோ காட்டிய வழி

இடிந்து வீழும் நிலையிலிருந்த பாஸ்கோவின் மைத்திரேயர் கோயில்களை, உலகில் பேரிடருக்குள்ளான நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக உலக நினைவுச் சின்ன நிதியம் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பித்தியிலுள்ள தங்கர் மடம் 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. பாஸ்கோவில் ஊர்மக்களே குழு அமைத்துக்கொண்டு உழைப்பைத் தந்தனர். வல்லுநர்கள் துணைநின்றனர். சிமெண்டை நாடாமல், கல், மண், பாப்லர், வில்லோ ஆகிய பழைய பொருள்களையே கொண்டு சுவர்களைத் தாங்கினர். கூரையைச் செப்பம் செய்தனர். 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுரிமைப் பரிசுகளுள் உயர்ந்த பரிசு இப்பணிக்குக் கிடைத்தது.

பரிசைவிடப் பெரியது அங்கே பெற்ற பாடம். மண்கட்டடம் ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் பனி கரைந்தபின் கைகள் அதனைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்நூறு ஆண்டுகள் அது நின்றதென்றால், ஐந்நூறு வேனிற்காலங்களில் ஊரார் அதன் கூரையை மெழுகினர் என்பதே பொருள். இளைஞர்கள் சுற்றுலாத் தொழிலுக்குச் சென்றுவிட, மண் பிசையும் கைகள் குறைந்தால், எந்தப் பட்டியலும் எந்தப் பரிசும் அக்கூரையைக் காக்கமாட்டா. சுற்றுலாவால் வரும் பொருளில் ஒரு பங்கு அக்கைகளுக்குக் கூலியாகத் திரும்பினால் மட்டுமே சாலையும் மடமும் ஒருங்கே வாழ முடியும்.

யாத்திரிகர் செய்யத்தக்கவை பெரியன அல்ல. வண்டியை மடத்தின் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறிச்செல்லல். ஓவிய அறைகளில் ஒளிவிளக்குப் படம் எடுக்காதிருத்தல். ஓதல் நடக்கையில் குறுக்கே நடவாமை. நுழைவுக் கட்டணத்தைப் பேரம் பேசாது கொடுத்தல். ஊர்க்காரர் வீட்டிலேயே தங்கி, அவர்கள் பயன்படுத்தும் உலர்கழிப்பிடத்தையே பயன்படுத்துதல். பிளாஸ்டிக் புட்டிகளைத் தம்முடனேயே திருப்பிக் கொண்டுபோதல். இவற்றைச் செய்யும் விருந்தினரால் மடத்துக்குப் பாரமில்லை.

லடாக்கின் கணவாய்களில் வண்டிகள் வேகம் குறைந்து மெல்ல ஊர்கின்றன. அங்கே காற்றுக் குறைவு. மடத்து வாயிலை அடைந்தவர்களும் படியேறுகையில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சுவாங்குகின்றனர். அவ்வாறு நிற்கும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்திலேயே, விரல் அடையாளங்கள் பதிந்த மண்சுவர் இருக்கும். சென்ற வேனிலில் அதனை மெழுகியவருடைய விரல்கள் அவை. அடுத்த வேனிலிலும் ஒருவர் வந்து மெழுகும் வரையில் அம்மடம் நிற்கும்.